பணம் புத்ராஜெயாவில், நிலம் குவாந்தானில்: நடுவில் கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகள்

தாப்பாவிலிருந்து மலையேறி வருபவர்களுக்கு முதலில் தென்படும் ஊர் ரிங்லெட். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகளுக்கும் அதுதான் முதல் ஊர். 2018 பொதுத் தேர்தல் முடிவை நீதிமன்றம் ரத்து செய்து, 2019 ஜனவரி 26-ஆம் தேதி கேமரன் மலையில் இடைத்தேர்தல் நடந்தபோது இரு தரப்புத் தலைவர்களும் இந்தச் சாலையில் ஏறி இறங்கினார்கள். இப்படி வருகிறவர்கள் தோட்ட மக்களிடம் தவறாமல் பேசும் பொருள் ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளி. நாடாளுமன்ற வேட்பாளரும் பள்ளிக்கு மானியம் என்பார், சட்டமன்ற வேட்பாளரும் பள்ளிக்கு மானியம் என்பார். இருவரில் யார் எதைத் தர முடியும் என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான். ரிங்லெட், தானா ராத்தா, போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று மலை நெடுகிலும் சிதறிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் ஒரே கஜானாவின் கையில் இல்லை. ஆசிரியர் சம்பளம் ஓரிடத்திலிருந்து வருகிறது, நிலம் வேறிடத்திலிருந்து வர வேண்டும், கட்டடப் பழுதுபார்ப்புக்கான பணம் மூன்றாவது வழியில் வருகிறது. ஒன்று வந்து இன்னொன்று வராவிட்டால் பள்ளி அப்படியே நிற்கும்.

சட்டம் சொல்வது என்ன?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் கல்வி மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆசிரியர் நியமனம், சம்பளம், பாடத்திட்டம், பாடநூல், தேர்வு எல்லாம் புத்ராஜெயாவின் பொறுப்பு. பகாங் மாநிலத்தில் 37 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஆசிரியருக்குக்கூட மாநில அரசாங்கம் சம்பளம் தருவதில்லை. மந்திரி பெசார் மாநில வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்யும்போது அதில் பள்ளி ஆசிரியர் சம்பளம் என்ற பெரிய வரி இருக்காது.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது குழப்பம் தரும். அங்கே பள்ளிக் கல்விக்கு மாநிலமே பெரும்பணம் ஒதுக்குகிறது. 2024-25 நிதியாண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். அப்படியிருந்தும், பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்பதால் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது சென்னை திணறியது. அங்கே சண்டை பணத்துக்கு. மலேசியாவில் மாநிலத்தோடு போடும் சண்டை பெரும்பாலும் மண்ணுக்கு.

மாநிலத்திடம் பணமும் அதிகம் இல்லை. வருமான வரியும் விற்பனை வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. நிலம், காடு, கனிமம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் வருமானமும், அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவின்படி மக்கள்தொகைக்கும் சாலைகளுக்கும் மத்திய அரசாங்கம் தரும் மானியமுமே மாநிலத்தின் முக்கிய வரவு. தீபகற்பத்தின் மிகப் பெரிய மாநிலம் பகாங். நிலம் பரந்து கிடக்கிறது, பணப்பை சிறியது.

ஆனால் "கல்வி எங்கள் பொறுப்பில் இல்லை" என்று மாநிலம் கைவிரித்துவிடவும் முடியாது. சமயக் கல்விக்கும், மாநில அறவாரியங்கள் வழி உபகாரச் சம்பளம், கல்விக் கடன் ஆகியவற்றுக்கும் மாநிலங்கள் ஆண்டுதோறும் செலவிடுகின்றன. சிலாங்கூர் மாநிலம் 2008-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கென்றே தன் வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு செய்து, பின்னர் அதை ஆண்டுக்கு 50 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டண உதவியும் அதில் சேர்ந்தது. பினாங்கும் அதே காலத்தில் இப்படி ஒரு ஒதுக்கீட்டைத் தொடங்கியது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. செய்யும்படி கட்டாயப்படுத்தவும் இல்லை. அதனால்தான் மாநில மானியம் ஆட்சிக்கு ஆட்சி, ஆளுக்கு ஆள் மாறுகிறது. பள்ளி வாரியங்கள் அதை நம்பி நீண்ட காலத் திட்டம் போட முடிவதில்லை.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி

நிலச் சிக்கலின் வேர் நூறாண்டுப் பழையது. மலாய் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வாழும் தொழிலாளர்களின் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டபோது இந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கொஞ்சம் படித்த கிராணியோ கங்காணியோ வாத்தியார் என்று நாடு முழுவதும் தோட்டப்பள்ளிகள் முளைத்தது அப்படித்தான். சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளிக்கென்று நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை.

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவை தேசிய கல்விமுறைக்குள் வந்தன, ஆசிரியர்கள் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். கட்டடம் நின்ற மண் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் பட்டாவிலேயே தங்கிவிட்டது. அதன் விளைவுதான் இன்றும் தொடரும் இரண்டு வகைப் பிரிவு: முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி. நிலம் அரசாங்கத்துடையது என்றால் பள்ளியைக் கட்டுவதும் பராமரிப்பதும் அரசாங்கத்தின் நேரடிக் கடமை. நிலம் தோட்டத்துடையது அல்லது வேறொருவருடையது என்றால் ஆசிரியர் சம்பளமும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் வரும். கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனு எழுத வேண்டும், நன்கொடை திரட்ட வேண்டும், விருந்து நடத்த வேண்டும்.

நாட்டிலுள்ள சுமார் 530 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. "தனியார் நிலத்தில் அரசாங்கப் பணத்தைப் போட முடியாது" என்று அதிகாரி சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நாளைக்குத் தோட்டம் விற்கப்பட்டு நிலம் கைமாறினால், மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கட்டடம் யாருக்கு?

தீர்வு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. தோட்ட நிர்வாகம் பள்ளி இருக்கும் பகுதியைத் தன் பட்டாவிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். நில அளவை நடக்க வேண்டும். மாநில ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும். பிறகு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் அந்த நிலத்தைப் பள்ளிக்கான ஒதுக்கீடு என்று அரசிதழில் வெளியிட வேண்டும். மத்திய அரசாங்கத்துக்கும் வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 83-ஆவது பிரிவின்படி கூட்டரசுத் தேவைக்கு நிலம் வேண்டும் என்றால் மாநிலத்தைக் கலந்துகொண்டு, அதற்குரிய விலை கொடுத்து, பெற முடியும். ஆக, சட்டம் இல்லாததால் எந்தப் பள்ளியும் காத்திருக்கவில்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராததால் காத்திருக்கின்றன.

இந்தச் சங்கிலியில் மாநிலத்தின் கை படாமல் நடக்கும் வேலை மிகக் குறைவு. தானா ராத்தா சட்டமன்றத் தொகுதிக்கு நிற்பவரிடம் ஐயாயிரம், பத்தாயிரம் மானியம் கேட்பதைவிட, தொகுதியிலுள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் நிலமும் இன்று யார் பெயரில் இருக்கிறது, அரசிதழில் வந்துவிட்டதா என்று கேட்பது பயனுள்ளது. ஆளுயர மாதிரிக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்ள அதில் வாய்ப்பில்லை. ஒருவேளை அதனால்தான் அந்தக் கேள்வி மேடைக்கு வருவதில்லையோ என்னவோ.

ஐந்து கோடியைப் பங்கு போட்டால்

மத்திய அரசாங்கத்தின் பணத்துக்கு வருவோம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 6,410 கோடி ரிங்கிட். எந்த அமைச்சுக்கும் கிடைக்காத தொகை. இதன் பெரும்பகுதி சம்பளமும் நடப்புச் செலவும்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் இதற்குள் அடக்கம். "தமிழ்ப்பள்ளிக்கு அரசாங்கம் ஒன்றுமே தருவதில்லை" என்று மேடையில் முழங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பத்திரிகைத் தலைப்பில் வருவது வேறு தொகை, பள்ளிகளைப் பழுதுபார்த்துச் சீரமைக்கும் சிறப்பு ஒதுக்கீடு. 2011 அக்டோபர் 7-இல் பிரதமர் நஜிப் தாக்கல் செய்த 2012-ஆம் ஆண்டுக்கான திட்டத்தில் எல்லாப் பள்ளிகளுக்குமான 100 கோடி ரிங்கிட்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி. 2018 நவம்பரில் நிதியமைச்சர் லிம் குவான் எங் தாக்கல் செய்த 2019-ஆம் ஆண்டுக்கான திட்டத்தில் மொத்தம் 65 கோடியே 20 லட்சம், அதில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 5 கோடி. ஆட்சி மாறியது, தொகை குறைந்தது, கைதட்டல் மட்டும் அதே அளவு.

ஐந்து கோடியை 530 பள்ளிகளுக்குச் சரிசமமாகப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 94 ஆயிரம் ரிங்கிட் வரும். சமவெளியில் உள்ள பள்ளிக்கு அது கூரை மாற்றவும் கழிப்பறை கட்டவும் உதவும். மலையில் கணக்கு வேறு. 2013 அக்டோபர் 23-இல் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்தாம் வேலியில் உயிர்ப்பலி வாங்கியதையும், 2014 நவம்பரில் மறுபடி சேறும் வெள்ளமும் இறங்கியதையும் ரிங்லெட் மக்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இங்கே ஒரு வகுப்பறை கட்ட வேண்டுமானால் முதலில் மண் ஆய்வு, பிறகு சரிவைத் தாங்கும் சுவர், வடிகால், அதற்குப் பின்தான் செங்கல். சிமெண்டும் கம்பியும் லாரியில் மலையேறி வர வேண்டும். 94 ஆயிரம் ரிங்கிட் தாங்குசுவரோடு தீர்ந்துபோனால் வியப்பில்லை. கோலாலம்பூரில் போடும் ஒரே அளவுகோல் மலைக்குப் பொருந்தாது என்பதை ஒதுக்கீடு செய்பவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது கேமரன் மலை நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை, சட்டமன்ற உறுப்பினரின் வேலை அல்ல.

மாணவர் தலைக்கணக்கில் வரும் மானியமும் சின்னப் பள்ளிக்குப் பாதகமானது. எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் கிள்ளான் பள்ளிக்கும் நாற்பது பிள்ளைகள் படிக்கும் தோட்டப்பள்ளிக்கும் தலைக்குக் கிடைப்பது ஒரே விகிதம் என்று வைத்துக்கொண்டால், நகல் இயந்திரமும் நூலகமும் இணையமும் இருவருக்கும் ஒன்றுதான் வேண்டும். எண்ணூறால் பெருக்கி வரும் தொகையில் அது அடங்கும், நாற்பதால் பெருக்கி வருவதில் அடங்காது. அந்த மானியத்தை நினைத்த செலவுக்குத் திருப்பிவிடவும் விதிமுறை இடம் தராது.

150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறது கல்வி அமைச்சு. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் இந்த வகை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1957-இல் 888 பள்ளிகளில் படித்தவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். இன்று 530 பள்ளிகளில் சுமார் 80 ஆயிரம் பேர். பள்ளிகள் குறைந்தன, பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். ஆனால் கூடியது பட்டணத்தில், குறைந்தது தோட்டத்தில். கேமரன் மலைத் தேயிலைக் காட்டில் இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். பள்ளியில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகள் மிகச் சிலர் ஆகும்போது, இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் நிலை வருகிறது.

ஆதலால் தலைக்கணக்கு மானியத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2023-ஆம் ஆண்டிலிருந்து பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் தரப்படும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி பிள்ளையோடு போகும் பணம். பிள்ளை தேசியப் பள்ளிக்குப் போனால் அங்கே போகும், தமிழ்ப்பள்ளிக்கு வந்தால் இங்கே வரும். பள்ளியின் மானியமும் அப்படியே. ஒரு பெற்றோர் தன் பிள்ளையை முதலாம் ஆண்டில் எங்கே பதிகிறார் என்பதும் ஒரு வகையில் வரவு செலவுத் திட்டம்தான்.

பக்கத்து மாநிலம் செய்தது

மாநிலத்திடம் பணம் இல்லை, நிலம் இருக்கிறது என்ற நிலையிலும் ஒரு வழியைப் பக்கத்திலுள்ள பேரா காட்டியது. 2008-இல் அங்கு ஆட்சிக்கு வந்த மக்கள் கூட்டணி அரசாங்கம் ஒன்பது சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளின் செலவுக்காக 1,000 ஹெக்டர் நிலம் ஒதுக்கியது. பின்னர் வந்த தேசிய முன்னணி ஆட்சி மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளுக்காக 2,000 ஏக்கர் நிலத்தை ஒரு கல்வி அறவாரியத்திடம் ஒப்படைத்தது. செம்பனை நட்டு, அதில் வரும் வருமானத்தில் 134 தமிழ்ப்பள்ளிகளுக்கு உதவுவது திட்டம். ஆண்டுதோறும் மந்திரி பெசாரின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்பது இதன் பலம். செம்பனை காய்க்க ஆண்டுகள் ஆகும், விலை ஏறி இறங்கும், அறவாரியத்தின் கணக்கை யார் பார்ப்பது என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும் என்பவை பலவீனங்கள்.

பகாங்கில் 37 பள்ளிகள்தான். அதே அளவு நிலம்கூடத் தேவைப்படாது. கேமரன் மலையில் அப்படி நிலம் கேட்பது நடக்காத காரியம். இங்கே பரம்பரையாகக் காய்கறி பயிரிடுபவர்களே தாங்கள் பயிரிடும் நிலத்தைத் தக்கவைக்க அலைகிறார்கள். மாநிலத்தின் வேறு பகுதியில் நிலம் பெற்று, வருமானத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பிரிக்கலாம். அரசியல் விருப்பம் இருந்தால் முடியும். பேராவில் இரண்டு எதிரெதிர் ஆட்சிகளும் செய்த காரியம் இது.

முழு உதவி வேண்டுமா என்பதில் சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டால் பள்ளி வாரியத்தின் குரல் போய்விடும், நாளைக்கு வளாகத்தில் வேறு என்ன வரும் என்று தெரியாது என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். பட்டணத்தில் ஆயிரம் மாணவர்களும் வசதியான முன்னாள் மாணவர்களும் உள்ள பள்ளிக்கு அந்த அச்சம் பொருந்தலாம், அந்தப் பள்ளியால் தன் காலில் நிற்க முடியும். முப்பது, நாற்பது பிள்ளைகளும் தினக்கூலிப் பெற்றோர்களும் உள்ள மலைப்பள்ளியின் வாரியத்துக்கு, ஒழுகும் கூரையை மாற்றப் பணம் இல்லாதபோது காப்பாற்ற என்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் மலைப்பள்ளிகள் எதிர்கொள்ளப்போகும் பேச்சு இடமாற்றம். பிள்ளைகள் இல்லாத தோட்டப்பள்ளியின் உரிமத்தைப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோவது நாட்டின் மற்ற பகுதிகளில் நடந்திருக்கிறது. உரிமத்தை மாற்றும் அதிகாரம் கல்வி அமைச்சுடையது. புதிய இடத்துக்கு நிலம் தருவது மாநிலம். ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே 13 கிலோமீட்டருக்கு மேல் வளைவுச் சாலை, புளூ வேலியோ மாவட்டத்தின் இன்னொரு கோடி. பழைய தோட்டத்தில் மிஞ்சும் பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தினமும் ஏற்றி இறக்க வேன் செலவு யாருடையது என்பது இரு தரப்பு ஒதுக்கீட்டிலும் இயல்பாக இடம்பெறும் செலவு அல்ல. சிலாங்கூர் பாணியில் பேருந்து உதவி கேட்கும் இடம் மாநிலச் சட்டமன்றம். வரவு செலவுத் திட்டம் தாக்கலாவதற்கு முன்பே மனு அங்கே போயிருக்க வேண்டும்.

இடமாற்றத்துக்குப் பள்ளி வாரியம் கையெழுத்துப் போடுமுன் இன்னும் இரண்டு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். புதிய நிலம் அரசிதழில் பள்ளி நிலமாக வந்த பிறகே பழைய பள்ளி மூடப்படும் என்பது ஒன்று. பழைய பள்ளி நின்ற நிலம் தோட்டத்துக்குத் திரும்புகிறதா, பாலர் பள்ளிக்கோ சமூகக் கூடத்துக்கோ விடப்படுகிறதா என்பது மற்றொன்று.